மோதிரம் உண்டு, கல்யாணம் இல்லை

2023 ஜூலை 30 அன்று ஜப்பானில் ஒரு பேராபத்து தவிர்க்கப்பட்டது. நிலநடுக்கம் இல்லை, சுனாமி இல்லை. ஒரு மாதப் பத்திரிகையில் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டதாகத் தப்பித்தவறி அச்சாகிவிட்டிருந்தது. நான்கே நாளில் பிடித்துவிட்டார்கள். மின்பதிப்பிலிருந்து அந்தச் சொல்லைத் துடைத்தெடுத்தார்கள். கையோடு ஓர் அறிக்கையும் விட்டு நாட்டு மக்களின் நெஞ்சில் பால் வார்த்தார்கள். அந்தச் சொல் பத்திரிகைக்காரர் தானாக ஊகித்துச் சேர்த்தது, கதையில் வரும் இருவருக்குள் என்ன உறவு என்பதைப் பார்ப்பவர் ஒவ்வொருவரும் அவரவர் போக்கில் புரிந்துகொள்ளலாம். சாரம் இவ்வளவுதான்.

கல்யாணம் செய்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் பெண்கள். கார்ட்டூன் பெண்கள். ஒருத்தி மியோரினே ரெம்ப்ரான். இன்னொருத்தி சுலெட்டா மெர்குரி, ஏரியல் என்ற ராட்சத ரோபோவை ஓட்டுகிறவள். 1979-இல் தொடங்கிய கன்டம் என்ற ரோபோ சாம்ராஜ்யம், ஒரு முழுநீளத் தொலைக்காட்சித் தொடருக்குப் பெண் ஒருத்தியை நாயகியாக்க 43 வருடம் எடுத்துக்கொண்டது. அந்த முதல் நாயகிதான் சுலெட்டா. தொடரின் பெயர் ‘புதன் கிரகத்துச் சூனியக்காரி’. அவள் வந்தபோது மேளதாளத்துக்குக் குறைவில்லை. புதிய தலைமுறைக்குப் புதிய கன்டம் என்றார்கள். 43 வருடம் எங்கே போயிருந்தீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், அதையும் அவரவர் புரிதலுக்கு விட்டிருப்பார்கள்.

‘கல்யாணம்’ என்ற சொல்லை இந்தக் கதைக்குள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தது யார்? கற்பனை முற்றிய ரசிகர்களா? 2022 அக்டோபர் 2, ஞாயிறு மாலை 5 மணிக்கு ஒளிபரப்பான முதல் அத்தியாயத்தைப் போட்டுப் பாருங்கள். ஆயுத வியாபாரத்தில் கொழுத்த பெனரிட் குழுமம். அதன் தலைவர் டெல்லிங் ரெம்ப்ரான், மகள் மியோரினேயைப் பள்ளியில் சேர்த்த கையோடு ஒரு விதியும் போட்டிருக்கிறார்: ரோபோச் சண்டையில் முதலிடத்தில் நிற்பவருக்கே மகளின் கை. அப்போது முதலிடத்தில் இருப்பவன் குவெல் ஜெட்டர்க். அப்பன் காசில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற ஆசாமி. மியோரினே தக்காளி வளர்க்கிற பசுங்கூடத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்குகிறான். அந்தத் தக்காளி, செத்துப்போன அவள் அம்மா உருவாக்கிய ரகம். புதன் கிரகத்திலிருந்து அன்றுதான் வந்து இறங்கிய, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் திக்குகிற சுலெட்டாவுக்கு அது பொறுக்கவில்லை. சண்டைக்கு இறங்குகிறாள். குவெலின் ரோபோவைக் கை வேறு கால் வேறாகக் கழற்றிப் போடுகிறாள்.

ஜெயித்த பிறகுதான் விதி தெரிகிறது. ஜெயித்தவள் மாப்பிள்ளை! நான் பெண்ணாயிற்றே என்று சுலெட்டா விழிக்க, புதன் கிரகத்தில் ரொம்பக் கட்டுப்பெட்டி போலிருக்கிறது, இங்கெல்லாம் இது சாதாரணம் என்று மியோரினே தோளைக் குலுக்குகிறாள். மாப்பிள்ளை என்றே கூப்பிடவும் தொடங்கிவிடுகிறாள். ஆக, கல்யாணத் தாம்பூலத்தை முதல் நாளே தட்டில் வைத்து நீட்டியது தயாரிப்பாளர்கள்தான். புதன் கிரகத்தைக் கட்டுப்பெட்டி என்று கேலி செய்ததும் அவர்கள்தான். பத்து மாதத்தில் யார் கட்டுப்பெட்டி என்பது வெளிச்சமாகிவிட்டது.

இந்தத் தொடரின் பெண்களுக்குத் திரையில் எதுவெல்லாம் அனுமதிக்கப்பட்டது என்று பார்த்தால் வயிறு கலங்கும். தொடருக்கு முன்னோட்டமாக வந்த அத்தியாயத்தில் எரிக்ட் என்ற குழந்தைக்கு நான்காவது பிறந்தநாள். அம்மா மடியில் உட்கார்ந்தபடி ரோபோவின் திரையைத் தொட்டு எதிரிகளைச் சுட்டு வீழ்த்துகிறாள். வெடித்துச் சிதறும் வெளிச்சம் அவள் கண்ணுக்குப் பிறந்தநாள் மெழுகுவர்த்தி மாதிரி இருக்கிறது. அப்பா சாகப்போகிற நேரத்தில் வாழ்த்துப் பாடுகிறார். மழலை மாறாத குழந்தையை மனிதர்களைக் கொல்ல வைக்கலாம். அதற்கு அறிக்கை வரவில்லை.

முதல் பாதியின் கடைசி அத்தியாயம் 2023 ஜனவரி 8 அன்று வந்தது. இதுவும் ஞாயிறு மாலை 5 மணி, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற நேரம். விண்வெளி நிலையத்தின் ஒரு தாழ்வாரத்தில் காயப்பட்ட தகப்பனோடு மியோரினே சிக்கிக்கிடக்கிறாள். ஒருவன் துப்பாக்கியை நீட்டுகிறான். சுவரைப் பிய்த்துக்கொண்டு ஏரியலின் ராட்சதக் கை உள்ளே வருகிறது. கொசுவை அடிப்பது போல ஓர் அடி. ஆள் இருந்த இடத்தில் ஆள் இல்லை, சுவரெல்லாம் ரத்தம். ரோபோவிலிருந்து இறங்கி வருகிற சுலெட்டா அந்த ரத்தத்தில் தடுமாறி விழுந்து, சே, நான் எப்போதும் இப்படித்தான் என்பதுபோல அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டே எழுந்து, சிவந்து சொட்டும் கையை நீட்டுகிறாள். மியோரினே அவளைக் கொலைகாரி என்கிறாள். திரை இருள்கிறது. மூன்று மாத இடைவேளை.

அபாரமான காட்சி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவே மகளை எப்படி ஆயுதமாக வார்த்தெடுக்கிறாள் என்பதை அந்த அசட்டுச் சிரிப்பு ஒன்றே சொல்லிவிடுகிறது. ஆனால் கணக்கைக் கவனியுங்கள். பெண் ஒருத்தி மனிதனை நசுக்கிக் கூழாக்கிவிட்டுப் புன்னகைக்கலாம், சின்னப் பிள்ளைகள் பார்க்கலாம், அதை யாரும் அவரவர் புரிதலுக்கு விடவில்லை. அது கொலைதான், கதாபாத்திரமே கொலை என்று சொல்கிறது. அதே கையில் ஒரு மோதிரம் ஏறியபோதுதான் தயாரிப்பு நிறுவனத்துக்குப் பார்வை மங்கிவிட்டது.

அந்த மோதிரம் வருவது 2023 ஜூலை 2 அன்று, கடைசி அத்தியாயத்தில். மூன்று வருடம் கழித்து, பூமியில், கதிர் முற்றிய ஒரு வயல். போரில் நலிந்த உடம்போடு சுலெட்டா ஊன்றுகோலில் நடக்கிறாள். பக்கத்தில் மியோரினே. இருவரின் இடது கை மோதிர விரலிலும் மோதிரம். கேமரா அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டுப் போகவில்லை, அனிமேயில் தற்செயல் என்று ஒன்று கிடையவும் கிடையாது. ஒவ்வொரு கோட்டையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைகிறார், இன்னொருவர் சரிபார்க்கிறார், மூன்றாமவர் நிறம் தீட்டுகிறார். அத்தனை பேர் கையையும் கடந்துதான் அந்த மோதிரம் திரைக்கு வந்தது. போதாததற்கு எரிக்ட் வேறு. பழைய பிறந்தநாள் குழந்தைதான். இப்போது உடம்பில்லாமல் ஒரு சாவிக்கொத்துப் பொம்மைக்குள் குடியிருக்கிறாள். சுலெட்டாவுக்கு அக்கா முறை. மியோரினேயிடம் நாத்தனார் தோரணையில் வாயாடுகிறாள், தான் நாத்தனார் என்று தன் வாயாலேயே சொல்லவும் செய்கிறாள்.

மோதிரம் இருக்கிறது. நாத்தனார் இருக்கிறாள். நாத்தனார் சீண்டலும் இருக்கிறது. கல்யாணம் மட்டும் இல்லையாம்.

அந்தக் கல்யாணத்தைத்தான் ஜூலை 26 அன்று வெளிவந்த ‘கன்டம் ஏஸ்’ இதழ், தொடரின் குரல் நடிகை ஒருவரின் நேர்காணலில், பகல் வெளிச்சம் போல எழுதிவைத்தது. அது என்ன வேற்று ஊர்ப் பத்திரிகையா? கன்டமுக்காகவே நடக்கிற, கன்டம் படம் போட்டே விற்கிற கடோகாவா இதழ். தன் கண்ணால் பார்த்ததை எழுதிய பாவம் அந்தப் பத்திரிகைக்காரர் தலையில் விழுந்தது. அவருடைய ஊகமாம். மண்டபத்தில் மேளம் கொட்டி, பந்தி போட்டு, மொய்யும் எழுதி வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் ‘இங்கே நடந்தது கல்யாணம் என்று யார் சொன்னது, வந்தவர்கள் அவரவர் விருப்பப்படி நினைத்துக்கொள்ளலாம்’ என்று போர்டு மாட்டுகிற மண்டபக்காரரை நம் ஊர் என்ன செய்யும்? மொய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கும். ரசிகர்களுக்கு அந்த வழியும் கிடையாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். இந்த அறிக்கையின் திறமை, மறைப்பதை மரியாதையாகச் செய்வது. கதையைப் பார்ப்பவரின் புரிதலுக்கு விடுகிறோம் என்றால் கேட்பதற்கு எவ்வளவு பெருந்தன்மை! கலைஞன் ஒதுங்கி நிற்கிறான், ரசிகனுக்குச் சுதந்திரம். நல்லது. அந்தச் சுதந்திரத்தை அந்தப் பத்திரிகைக்காரருக்கு ஏன் தரவில்லை? அவரும் பார்த்தவர்தானே? அவருடைய புரிதலை மட்டும் ஏன் ரப்பர் வைத்து அழித்தீர்கள்? அவரவர் விருப்பம் என்றால் அவரவர் வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டிய விருப்பம், அச்சில் வந்தால் திருத்தப்படும் விருப்பம். ஊகம் என்பதற்கு மேல் அழித்ததற்கு வேறு காரணம் எதையும் அறிக்கை சொல்லவில்லை. நான் ஊகித்துச் சொன்னால் என்னையும் திருத்திவிடுவார்கள், ஆகவே விடுகிறேன்.

ஆனால் ஓர் ஒப்பீடு மட்டும் செய்யலாம், அதற்கு ஊகம் வேண்டாம். முதல் கன்டம் தொடரில் பிரைட் நோவா என்ற கப்பல் தலைவர், மிராய் என்ற சுக்கான் பிடிக்கும் பெண். அந்தத் தொடர் 1980 ஜனவரியில் முடிந்தபோது இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. 1985-இல் அடுத்த தொடர் வந்தபோது மிராய் அவருக்கு மனைவி, வீட்டில் இரண்டு பிள்ளைகள். நடுவில் எங்கேயோ எப்போதோ கல்யாணம் முடிந்துவிட்டது. தொடரைப் பார்த்தவர்களில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அதற்காக எந்தப் பத்திரிகையிலாவது ‘மிராய் பிரைட்டின் மனைவி’ என்ற வரியை அழித்தார்களா? பார்ப்பவர் புரிதலுக்கு விட்டார்களா? மூத்த பிள்ளை ஹாத்வேயை வைத்து 2021-இல் தனிப் படமே எடுத்துவிட்டார்கள். ஆணும் பெண்ணும் என்றால் காட்டாத கல்யாணத்துக்குப் பேர் சொல்லப் பிள்ளையே உண்டு. பெண்ணும் பெண்ணும் என்றால் காட்டிய மோதிரமும் கண்மயக்கம்.

இந்தத் துறை பெண் ஓட்டிகளை நடத்திய லட்சணத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது, எரிச்சல்தான் இருக்கும். 1972 டிசம்பரில் ‘மஸிங்கர் ஸீ’ வந்தது. மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற ராட்சத ரோபோ என்ற மரபுக்கே அதுதான் மூல விக்கிரகம். அதில் சயாகா யூமி என்ற பெண்ணுக்கு அஃப்ரோடை ஏ என்று தனி ரோபோ. மஸிங்கரில் நாயகன் கொஜி கபுட்டோவுக்கு முஷ்டி பறக்கும், கண்ணிலிருந்து கதிர் பாயும். சயாகாவின் ரோபோவுக்கு ஆயுதம் எங்கே வைப்பது என்று அந்த மேதைகள் கூடி யோசித்துக் கண்டுபிடித்த இடம் மார்பு. இரண்டு மார்பும் இரண்டு ஏவுகணை! கழன்று பறந்து போய் எதிரி மேல் வெடிக்கும். பிறகு அடிவாங்கிக் கீழே கிடப்பாள், கொஜி வந்து காப்பாற்றுவான். அந்த ரோபோ உடைந்த பிறகு டயானா ஏ என்று புதிது செய்துகொடுத்தார்கள். ஏவுகணை அதே இடத்தில்.

1979-இன் முதல் கன்டமில் செய்லா மாஸ் என்ற பெண் ஒரே ஒரு தடவை அனுமதி கேட்காமல் நாயகனின் ரோபோவை எடுத்துக்கொண்டு போனாள். சிக்கிச் சீரழிந்து திரும்பி வந்தவளை அடைத்துவைத்தார்கள். நாயகன் அமுரோ அதே ரோபோவோடு கப்பலைவிட்டே ஓடிப்போயிருக்கிறான், அவனையும் அடைத்தார்கள்தான். ஆனால் கதவு திறந்ததும் சாவி அவன் கைக்கே போயிற்று. அதே தொடரில் லலா சுன் என்றொரு பெண், வயது 17, மாநிறம், நெற்றியில் பொட்டு. இந்தியப் பெண்ணைப் போல வரைந்திருப்பார்கள். தொடரிலேயே அதிசய ஆற்றல் அவளுக்குத்தான். என்ன பயன்? இரண்டு ஆண்கள் மோதிக்கொள்ளும்போது குறுக்கே பாய்ந்து சாவதுதான் அவள் வேலை. அதோடு விட்டார்களா? 1988-இல் வந்த படத்தில் அந்த இரண்டு ஆண்களும் வயதாகியும் அடங்காமல், பூமியே அழியப்போகிற வேளையில், அவளைப் பற்றி வாய்ச்சண்டை போடுகிறார்கள். ஒருவர் அவள் தனக்குத் தாயாக இருந்திருக்க வேண்டியவள் என்கிறார். 17 வயதில் செத்துப்போன பெண்ணுக்கு முப்பது தாண்டிய பிள்ளை!

பிறகு வந்த கன்டம் தொடர்களில் ஃபோர் முராசமே, பிள் சகோதரிகள், ஸ்டெல்லா என்று வரிசை நீளும். ஆய்வுக்கூடத்தில் மூளையைக் குடைந்து போருக்கென்று செய்த பெண்கள். பாசம் தட்டுப்பட்ட மறுநிமிடம் சாவார்கள், நாயகன் கதறுவான், அந்தக் கதறலில் அவனுக்குப் புதுப் பலம் வரும். வேறு வீட்டுக் கதையான ‘எவாஞ்சலியன்’ 1995-இல் ரெய் அயனாமியைக் கட்டுப்போட்ட உடம்போடு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தது. பார்க்கிறவன் மனம் பதற வேண்டிய காட்சி. வியாபாரிகள் அந்தக் கட்டுகளோடேயே பொம்மை வார்த்து விற்றார்கள். 14 வயதுப் பெண்ணின் காயமும் அலமாரிச் சரக்கு.

இந்த வரிசையில் வந்த சுலெட்டா சாகவில்லை. இன்னொருத்திக்காக ரோபோவில் ஏறினாள், ஏறியவள் உயிரோடு இறங்கினாள், இறங்கி அந்த இன்னொருத்தியோடேயே குடித்தனம் நடத்துகிறாள். 50 வருட வழக்கத்தை உடைத்த முடிவு அது. எழுதிய இச்சிரோ ஓகொச்சியும் இயக்கிய ஹிரோஷி கொபயாஷியும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். செத்திருந்தால் பிரச்சினையே இல்லை. கல்லறையில் எந்தச் சொல்லையும் அழிக்க வேண்டியிருந்திருக்காது, பொம்மைக்கும் விலை கூடியிருக்கும்.

நாட்டு நடப்பையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அறிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஜி7 நாடுகளில் ஒரே பாலினத் தம்பதியருக்குத் தேசிய அளவில் சட்ட அங்கீகாரம் தராத ஒரே நாடு ஜப்பான். 2021 மார்ச்சில் சப்போரோ நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. 2023 மே 30 அன்று நகோயா நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் கிஷிடாவின் செயலாளர் ஒருவர், இப்படிப்பட்ட தம்பதி பக்கத்து வீட்டில் இருந்தால் பிடிக்காது, பார்க்கவே பிடிக்காது என்று திருவாய் மலர்ந்து மறுநாளே வேலையிழந்தார். ஜூன் 16 அன்று பாலினச் சிறுபான்மையினரைப் பற்றிய புரிதலை வளர்க்க என்று ஒரு சட்டம் நிறைவேறியது. அதற்குள் அனைத்துக் குடிமக்களும் நிம்மதியாக வாழும்படி கவனம் செலுத்த வேண்டும் என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். அடிவாங்குகிறவனைக் காக்க வந்த சட்டத்தில் அடிக்கிறவனின் தூக்கம் கெடக்கூடாது என்ற கரிசனம்! சட்டம் ஜூன் 16, மோதிரம் ஜூலை 2, அறிக்கை ஜூலை 30. ஆறே வாரத்தில் ஒரு தேசத்தின் புரிதல் எவ்வளவு வளர்ந்தது பாருங்கள்.

இந்தத் தொடர் ஓடத் தொடங்கிய நிதியாண்டில், கன்டமைச் சொந்தமாக வைத்திருக்கிற பண்டாய் நாம்கோ குழுமத்தின் கன்டம் வருமானம் 13,000 கோடி யென்னைத் தாண்டியது. காசு யாரிடமிருந்து வந்தது என்று நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்காது. முதல் தடவையாக ரோபோ பொம்மைப் பெட்டியைக் கையில் எடுத்த பெண்கள் இருந்தார்கள். வீட்டில் சொல்ல முடியாததை மாப்பிள்ளை என்ற ஓர் அழைப்பில் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பணத்தை வாங்கும்போது கல்லாப்பெட்டி அவரவர் புரிதலுக்கு விடவில்லை, பைசா சுத்தமாக எண்ணியே வாங்கியது.

சுலெட்டாவுக்கு அவள் அம்மா ப்ராஸ்பெரா ஒரு மந்திரம் சொல்லிக்கொடுத்திருப்பாள். பின்வாங்கினால் ஒன்று கிடைக்கும், முன்னேறினால் இரண்டு கிடைக்கும் என்பது அதன் சாரம். பயந்தாங்கொள்ளிப் பெண் ஒவ்வொரு தடவையும் அதை முணுமுணுத்துக்கொண்டு அடி எடுத்துவைப்பாள். நிறுவனம் அதைவிடக் கெட்டி. ஜூலை 2 அன்று முன்னேறி இரண்டை வாங்கிக்கொண்டது, ஜூலை 30 அன்று பின்வாங்கி ஒன்றை வாங்கிக்கொண்டது. மொத்தம் மூன்று. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். இவர்கள் கூழையும் குடித்தார்கள், மீசையையும் துடைத்துக்கொண்டார்கள், பானையையும் வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள்.

2025-இல் கன்டமின் அடுத்த தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதிலும் நாயகி பெண்தான், மாச்சு என்று கூப்பிடுவார்கள். பெண் ஓட்டி வைத்தால் ஓடும் என்ற பாடத்தை மட்டும் பிழையில்லாமல் படித்திருக்கிறார்கள்.

நிறுவனத்தாருக்கு என் தரப்பில் பணிவான விண்ணப்பம். நீங்கள் பாதி வேலை செய்துவிட்டு நின்றுவிட்டீர்கள். சொல்லை அழித்தது போல மோதிரத்தையும் அழியுங்கள். 24-ஆம் அத்தியாயத்தை எடுத்து, இரண்டு விரலிலும் பட்டையை அழித்து, எரிக்டின் நாத்தனார் வசனத்துக்கு மேல் ஒரு பீப் சத்தம் போட்டு, முதல் அத்தியாயத்தின் மாப்பிள்ளையை ‘வகுப்புத் தோழி’ என்று மறுபடி டப்பிங் செய்து ஒளிபரப்புங்கள். டெல்லிங்கின் விதியையும் மாற்றுங்கள்: ஜெயித்தவருக்கு மகளின் தக்காளி. அப்போது உங்கள் அறிக்கை கதையோடு பொருந்தும், யாரும் எதையும் ஊகிக்க வேண்டியிருக்காது. ஏன் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும், உங்கள் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். மோதிரம் இல்லாத ப்ளூரேயை எவள் வாங்குவாள்?